இருபதாயிரத்தில் ஒன்று

பூட்டுத் தகட்டில் இறக்கை விரித்த கழுகு. அருகே ‘யு.எஸ். ஸ்பிரிங்ஃபீல்ட் 1873’ என்று ஒரு பொறிப்பு. அதைப் பார்த்ததும் 1873ஆம் ஆண்டில் செய்த துப்பாக்கி என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்தான் பழந்துப்பாக்கிச் சந்தையில் முதலில் ஏமாறுகிறவர். அந்த எண் மாடலைக் குறிக்கிறது. அதே எண்ணைத் தாங்கிய பூட்டுகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பட்டறையை விட்டு வந்துகொண்டே இருந்தன.

கார்பைன் என்றால் நம்மூர்ச் செய்தித்தாள் வாசகருக்குக் காவலர் தோளில் தொங்கும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கி நினைவுக்கு வரும். இந்த அத்தியாயத்தில் வருவது வேறு தலைமுறை. குதிரைமேல் இருப்பவன் நீளமான ரைஃபிளை வைத்துக்கொண்டு திணறுவான் என்பதால் குழலைக் குறுக்கி, எடையைக் குறைத்து, கட்டையின் இடப்பக்கத்தில் ஒரு இரும்பு வளையத்தையும் மாட்டிக் கொடுத்தார்கள். தோள்வாரின் கொக்கியில் வளையத்தைக் கோத்துவிட்டால் கை நழுவினாலும் துப்பாக்கி தரையில் விழாது. 1873 மாடல் கார்பைனின் குழல் 22 அங்குலம். அதே மாடலின் காலாட்படை ரைஃபிளுக்கு 32 அங்குலத்துக்கும் சற்று மேல். இந்தப் பத்து அங்குல வித்தியாசத்தை வைத்துப் பின்னாளில் ஒரு மோசடித் தொழிலே நடந்தது.

அமெரிக்கக் குதிரைப்படைக்காக இந்த மாடலில் ஏறத்தாழ 20,000 கார்பைன்கள் செய்யப்பட்டன. சேகரிப்பாளரின் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. மாடலைக் கண்டுபிடிக்க ஒரு கையேடு போதும். ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை. இந்த ஒரு துப்பாக்கி எங்கே போனது, எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்த நாளில் யார் சுட்டார்கள் என்பது வேண்டும். ஒன்றுபோலவே இருக்கவேண்டும் என்று பாடுபட்டுச் செய்த இருபதாயிரத்தில் ஒன்றைத் தனியாக அடையாளம் காண முடியுமா? இந்தக் கேள்விக்கு உலோகம் தரும் பதில், ஆவணங்கள் தருவதைவிட நம்பகமானது என்பது என் கட்சி.

ஒன்றுபோல ஆக்கும் அந்தப் பாடு சாதாரணமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு துப்பாக்கியின் பூட்டை இன்னொன்றில் மாட்ட முடியாது. ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கைவினைஞர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, பக்கத்துப் பாகத்தோடு பொருந்தும்வரை சரிசெய்வார். போர்க்களத்தில் ஒரு திருகு உடைந்தால் துப்பாக்கியே பட்டறைக்குத் திரும்பவேண்டும். இதை மாற்றப் பிடிவாதமாக உழைத்தவர்களில் ஒருவர் ஜான் ஹால். விர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச் சாலையில் அவர் அச்சுகளையும் அளவுகோல்களையும் வைத்து, எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்யத் தொடங்கினார். 1820களின் நடுவில் அரசுக் குழு ஒன்று வந்து, அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பாகங்களைக் கலந்து மறுபடியும் பூட்டிப் பார்த்தது, பொருந்தின. அடுத்த பத்தாண்டில் கனெக்டிகட்டில் இருந்த சிமியன் நார்த் இதே முறையில் ஹால் கார்பைனைச் செய்தார். 1833 மாடலான அதுதான் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட முதல் தொப்பிவெடித் துப்பாக்கி. பின்வாயில் மருந்து போடுவதும் அதில்தான் குதிரைப்படைக்கு வந்தது.

மரத்துக்கும் வழி பிறந்தது. 1819இல் தாமஸ் பிளான்சார்ட் ஒரு விசித்திரமான கடைசல் எந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். ஒரு மாதிரிக் கட்டையின் மேடுபள்ளத்தை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அதே அசைவில் இன்னொரு சக்கரம் பக்கத்திலுள்ள வாதுமைக் கட்டையைச் செதுக்கும். துப்பாக்கிக் கட்டையின் வளைவு நெளிவுகளை எல்லாம் அப்படியே நகலெடுத்துவிடும் எந்திரம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலை அதைப் பயன்படுத்திக் கட்டைகளைக் கடைந்து தள்ளியது.

ராணுவத்துக்கு இது வரம். சேகரிப்பாளருக்கு? எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தும் என்றால், இன்று கையில் இருக்கும் துப்பாக்கியின் பாகங்கள் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. 1873 மாடலில் வரிசை எண் பொறித்திருப்பது ஒரே இடத்தில், குழலின் பின்புறம் திருகியிருக்கும் ரிசீவர் என்னும் இரும்புக் கூட்டின்மேல். கட்டையில் எண் கிடையாது. பூட்டில் கிடையாது. ராணுவம் பழைய கார்பைன்களை ஆயுதச் சாலைக்கு வரவழைத்துப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைக் கழற்றி, நல்ல பாகங்களைக் குவியலிலிருந்து எடுத்து மாட்டியது. நேர்மையான வேலைதான். ஆனால் அதற்குப்பின் ஒரு துப்பாக்கியின் கட்டைக்கு ஒரு வரலாறு, பூட்டுக்கு ஒரு வரலாறு, ரிசீவருக்கு ஒரு வரலாறு என்று ஆகிப்போனது.

இனி மோசடிக்கு வருவோம். ராணுவம் புதிய துப்பாக்கிகளுக்கு மாறியபோது பழையவற்றை ஏலம் விட்டது. நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் பேனர்மேன் போன்ற உபரி வணிகர்கள் மலைமலையாக வாங்கிக் குவித்தார்கள். ரைஃபிள்கள் ஏராளம்; கார்பைன்கள் குறைவு. ஆகவே ரைஃபிளின் குழலை வெட்டிக் கார்பைன் ஆக்கும் வேலை பல பட்டறைகளில் நடந்தது. தொடக்கத்தில் மலிவான வேட்டைத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டவர்களுக்காகச் செய்தது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கார்பைனின் விலை ஏறிய பிறகுதான் அது போலி ஆனது.

வெட்டிய ரைஃபிள் எங்கே மாட்டிக்கொள்ளும் என்றால், முதலில் மரத்தில். ரைஃபிளின் குழலுக்கு அடியில் துடைக்கும் கம்பியைச் செருக நீளமான பள்ளம் ஒன்று உண்டு, கார்பைனில் கிடையாது. கட்டையைக் குறுக்கியவர் அந்தப் பள்ளத்தை மரத்துண்டு வைத்து அடைத்தாகவேண்டும். எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் இரண்டு மரத்துண்டுகளின் ரேகை ஒன்றோடொன்று ஓடாது. அடுத்தது இடப்பக்கத்து வளையம். குதிரை ஓடும்போதெல்லாம் அந்த வளையம் ஆடி ஆடிக் கட்டையில் மோதும். வருடக்கணக்கில் அது மரத்தில் ஒரு வில் போன்ற தேய்மானத்தை உண்டாக்கிவிடும். வளையத்தைப் புதிதாக மாட்டலாம். அந்தத் தேய்மானத்தைச் செயற்கையாகச் செய்தால் உளிக்கீறல் போலத் தெரிந்துவிடும். தேர்ந்த சேகரிப்பாளர்கள் விலையைப் பற்றிப் பேசும் முன்பே துப்பாக்கியை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பிறகு சின்னச்சின்ன சாட்சிகள் வரிசை கட்டும். கட்டையில் நீள்வட்டத்துக்குள் ஆய்வாளரின் முத்திரை இருக்கும். தொடக்க காலத் துப்பாக்கிகளில் அது எர்ஸ்கின் ஆலினின் மூன்று முதலெழுத்துகள். இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவரும், ஸ்பிரிங்ஃபீல்டில் தலைமை ஆயுதக் கைவினைஞராக இருந்தவரும் அவரே. 1879இல் அவர் இறந்தபின் சாமுவேல் போர்ட்டரின் முதலெழுத்துகள் அந்த இடத்துக்கு வந்தன. குழலைக் கட்டையோடு பிணைக்கும் பட்டையில் முதல் கார்பைன்களுக்கு ஒரு கூடுதல் கொக்கி உண்டு. பாசறையில் துப்பாக்கிகளை முக்காலி போலச் சாய்த்து நிறுத்துவதற்கு. 1877 மாடலில் அது போய்விட்டது. அதற்கு மாறாக 1877 கார்பைனின் பின்கட்டையில் ஒரு சிறு அறை குடைந்து, துடைக்கும் கம்பித் துண்டுகளையும் உடைந்த தோட்டா உறையை எடுக்கும் கருவியையும் வைத்தார்கள். அந்தக் கருவிக்கு ஏன் தேவை வந்தது என்பது ரத்தம் சிந்திய கதை.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது அமெரிக்கக் குதிரைப்படையிடம் இருந்த கார்பைன் வகைகளைக் கேட்டால் தலை சுற்றும். ஷார்ப்ஸ், ஸ்பென்சர், பர்ன்சைடு, ஸ்மித், மேனார்டு, கேலகர், ஸ்டார், ஜாஸ்லின், மெரில். பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி வடிவத்தில் தோட்டா. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் பெரும்பாலும் நுழையாது. தளவாட அதிகாரிக்கு அது தீராத தலைவலி. இன்றைய சேகரிப்பாளருக்கோ வகைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்ட வாய்ப்பு. தென் மாநிலங்களிடம் இவ்வளவுகூட இல்லை. ரிச்மண்ட் நகரில் எஸ். சி. ராபின்சன் என்பவரின் தொழிற்சாலை ஷார்ப்ஸ் கார்பைனைப் பார்த்து நகல் செய்தது. 1863இல் தென்மாநில அரசே அதை எடுத்து நடத்தியது. இரண்டு காலத்திலும் சேர்த்து ஐயாயிரத்தை ஒட்டித்தான் வெளிவந்தன. அசலைவிட நகலுக்கு இன்று விலை பல மடங்கு அதிகம். அசலான வடமாநில ஷார்ப்ஸைச் சுரண்டி, ரிச்மண்ட் நகல் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நகலைப் போல நடிக்கும் அசல்! வணிகம் செய்யும் விந்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1872இல் ராணுவம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர், தளபதி ஆல்ஃபிரட் டெர்ரி. உறுப்பினர்களில் ஒருவர் மேஜர் மார்கஸ் ரீனோ. உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த பல பத்து வடிவங்களைச் சுட்டும், மணலில் புரட்டியும், துருப்பிடிக்க விட்டும் சோதித்தார்கள். கடைசியில் தேறியது ஆலினின் வடிவம். பின்வாயின்மேல் ஒரு இரும்பு மூடி, அதன் முன்பக்கத்தில் கீல். கட்டைவிரலால் நெம்பினால் பரண் கதவு போல மேலே திறக்கும். தோட்டாவைப் போட்டு மூடவேண்டும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். ஏழு தோட்டாக்களை ஒருசேர நிரப்பிச் சுடும் ஸ்பென்சர் ஏற்கெனவே இருந்தும் ஏன் இதைத் தேர்ந்தார்கள்? செலவு குறைவு, அமைப்பு எளிது, ஸ்பென்சரைவிடப் பலமான தோட்டாவைத் தாங்கும். ராணுவக் குழுக்களின் நியாயங்கள் எந்த நாட்டிலும் பெரிதாக மாறுவதில்லை.

அந்தத் தோட்டா 0.45 அங்குல விட்டம் கொண்டது. 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. ரைஃபிளுக்கான தோட்டாவில் 70 கிரெய்ன் கருமருந்து. கார்பைனில் அதன் உதை தோளைப் பெயர்த்துவிடும் என்று 55 கிரெய்னாகக் குறைத்தார்கள். உறை செம்பால் ஆனது. தீப்பற்றும் மருந்து உறையின் அடிப்பாகத்தில் உள்ளேயே மறைந்திருக்கும். குதிரை என்று நாம் சொல்லும் சுத்தியல் விழுந்து ஃபயரிங் பின்னை அடிக்க, அது செம்பின் அடியில் ஒரு குழி விழும்படி குத்தும், மருந்து பற்றும். சுட்டபின் மூடியைத் திறந்தால் ஒரு சிறு கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளும்.

செம்பு மென்மையானது. சூடான குழலுக்குள் வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளையைப் போலச் சட்டென்று பழைய அளவுக்குச் சுருங்காது. இதோடு இன்னொன்று. சிப்பாய்கள் தோட்டாக்களைத் தோல் வாரில் செருகி வைப்பார்கள். தோல் பதனிடும்போது சேர்ந்த அமிலங்கள் செம்போடு வினைபுரிந்து பச்சைக் களிம்பாகப் படியும். களிம்பேறிய உறை வெப்பத்தில் பசைபோலப் பிடித்துக்கொண்டால், கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும். உறை மட்டும் உள்ளே நிற்கும். எதிரி ஓடி வரும்போது சிப்பாய் கத்திமுனையால் அதை நோண்டிக்கொண்டிருக்கவேண்டும்.

1876 ஜூன் 25. மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன், அரபாஹோ மக்கள் கூடியிருந்த பெரிய முகாமை ஜார்ஜ் கஸ்டரின் 7ஆம் குதிரைப்படை தாக்கியது. ஒப்பந்தம் போட்டு அவர்களுக்கென்று ஒதுக்கிய கருங்குன்றுகளில் தங்கம் கிடைத்ததும் அந்த ஒப்பந்தத்தை அரசே மிதித்ததால் வந்த போர் அது. கஸ்டரும் அவரோடு சென்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் ஒருவர்கூட மிஞ்சாமல் மாண்டார்கள். படையின் மற்றொரு பகுதியை நடத்திய ரீனோ சில மைல் தள்ளி ஒரு குன்றின்மேல் முற்றுகைக்குள் தப்பினார். 27ஆம் தேதி துணைக்கு வந்து பிணங்களைக் கண்ட படைக்குத் தலைவர் டெர்ரி. கார்பைனைத் தேர்ந்த குழுவின் தலைவரும் உறுப்பினரும் தங்கள் தேர்வின் விளைவை இப்படிச் சந்தித்தார்கள். அடுத்த மாதமே ரீனோ தளவாடத் துறைக்கு எழுதிய கடிதத்தில், தன் கீழிருந்த 380 கார்பைன்களில் 6 துப்பாக்கிகள் உறை சிக்கி முடங்கின என்று கணக்குக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்தே ஒரு புராணம் வளர்ந்தது: கஸ்டரின் ஆட்கள் எதிரியால் அல்ல, செம்பு உறையால் செத்தார்கள் என்று. தோற்றவர்களுக்கு அது வசதியான விளக்கம். லகோட்டா, செயேன் போர்வீரர்கள் தங்கள் போரைப் பற்றிச் சொன்ன வாய்மொழிகளோ பல காலம் ஒன்றுக்கொன்று முரணான கதைகள் என்று ஒதுக்கப்பட்டன. கஸ்டரோடு இருந்த சிப்பாய்களில் சாட்சி சொல்ல யாரும் மிஞ்சவில்லை; சாட்சியாக இருந்தவர்களை யாரும் நம்பவில்லை.

இந்தப் போரின் காரணமாகவே 1873 கார்பைனுக்குள் ஒரு தனி உட்சாதி உண்டாகிவிட்டது. வரிசை எண் ஏறத்தாழ 43,700க்குக் கீழே இருந்தால் அது போருக்குமுன் செய்தது. அதாவது லிட்டில் பிக்ஹார்னில் இருந்திருக்க வாய்ப்புள்ளது. ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் ஒரே எண் வரிசை என்பதால் இந்த எல்லைக்குள் கார்பைன்கள் இன்னும் குறைவு. 43,000 என்ற எண் உள்ள கார்பைனுக்கும் 45,000 எண் உள்ளதற்கும் இரும்பில் வித்தியாசம் கிடையாது. விலையில் உண்டு. ‘இருந்திருக்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்குத் தரும் விலை அது.

1983 ஆகஸ்டில் போர்க்களத்தின் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. நூறாண்டுப் புல்லும் புதரும் போய் மண் வெறுமையாகக் கிடந்தது. 1984, 1985 கோடைகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் தலைமையில் தன்னார்வலர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளோடு ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்தார்கள். ஒலி கேட்ட இடத்திலெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து, எந்தத் திசையில் சாய்ந்திருந்தது என்பதையும் குறித்துக்கொண்டு பிறகுதான் எடுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. புதையல் தேடுகிறவன் தோட்டா உறையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வான். அந்த நொடியில் அது கிடந்த இடம் என்ற தகவல் அழிந்துபோகும். உறைக்கு மதிப்பே அந்த இடத்தால்தான். உறைகளைக் கடையில் வாங்கிச் சேர்க்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்து நடந்தது குற்றப் புலனாய்வுக்கூட வேலை. 1925இல் நியூயார்க்கில் கால்வின் கொடார்டு, பிலிப் கிராவெல் முதலியோர் துப்பாக்கித் தடயங்களுக்கென ஒரு கூடம் அமைத்தபோது கிராவெல் அறிமுகப்படுத்திய கருவி ஒப்பீட்டு நுண்ணோக்கி. இரண்டு நுண்ணோக்கிகளை ஒரு கண்குழலில் இணைத்தால், இரண்டு உறைகளின் அடிப்பாகங்கள் பாதிப் பாதியாக ஒரே வட்டத்துக்குள் தெரியும். ஒன்றைத் திருப்பிக்கொண்டே வந்து கீறல்கள் நடுக்கோட்டைத் தாண்டித் தொடர்கின்றனவா என்று பார்க்கலாம். கொலை வழக்குகளுக்காக வந்த இந்தக் கருவியின்கீழ், நெப்ராஸ்கா மாநிலக் காவல்துறையின் ஆய்வுக்கூடத்தில், நூறாண்டுப் பழைய செம்பு உறைகளை வைத்தார்கள்.

ஹாலும் பிளான்சார்டும் முழுதாக வெல்லமுடியாத ஒன்று இங்கே உதவிக்கு வருகிறது. ஃபயரிங் பின்கள் ஒரே அளவில், ஒரே எந்திரத்தில் செய்யப்பட்டவைதான். ஆனால் உலோகத்தை வெட்டும் ஒவ்வொரு வெட்டிலும் வெட்டும் உளியின் விளிம்பும் கொஞ்சம் தேய்கிறது, சில்லு பெயர்கிறது. நூறாவது பின்னின் முனையை வெட்டிய விளிம்பு, தொண்ணூற்றொன்பதாவதை வெட்டிய அதே விளிம்பு அல்ல. அதன்பின் பட்டறைக்காரர் அரத்தால் இழுத்த இழுப்பு, பிறகு துரு, பிறகு உபயோகம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு முனைகளும் நுண்ணோக்கியில் வேறாகத் தெரியும். கடினமான இரும்பு மென்மையான செம்பில் குத்தும்போது அந்த வேறுபாடு அப்படியே பதிகிறது. உறை சிக்கித் துன்பம் தந்த அதே மென்மைதான் தடயத்தைப் பதிய வைத்துக் காத்தும் கொடுத்தது.

ஆய்வு இரண்டு படிகளில் நடக்கும். முதலில் இனம்: எந்த வகைத் துப்பாக்கி. ஹென்றி ரைஃபிள் உறையின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடங்களில் குத்தும்; ஸ்பிரிங்ஃபீல்ட் நடுவில் ஒரே குத்து. கிடைத்தது குண்டானால் குழலின் சுருள் பள்ளங்களை எண்ணலாம்: ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மூன்று, ஷார்ப்ஸுக்கு ஆறு. இரண்டாவது தனி அடையாளம்: இந்த இரண்டு உறைகளும் ஒரே துப்பாக்கியில் சுட்டவையா. இதைத் தெரிந்துகொண்டால் ஓர் அதிசயம் நிகழ்கிறது. ஒரே துப்பாக்கியின் உறைகள் ஒரு மேட்டில் மூன்று, நூறு மீட்டர் தள்ளி இரண்டு, கஸ்டர் விழுந்த குன்றுக்கருகே ஒன்று என்று கிடைத்தால், அந்தத் துப்பாக்கி நடந்த பாதையை வரைபடத்தில் கோடாக இழுத்துவிடலாம். பெயர் தெரியாத ஒருவர் 1876இன் ஒரு பிற்பகலில் எங்கிருந்து எங்கே போனார் என்பது தெரிகிறது.

வரைபடம் சொன்னவற்றில் சில சங்கடமானவை. லகோட்டாவும் செயேனும் வைத்திருந்த துப்பாக்கிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் பல, மடமடவென்று தொடர்ந்து சுடும் ஹென்றியும் வின்செஸ்டரும். ஒற்றைத் தோட்டாக் கார்பைனைத் தேர்ந்தவர்களுக்கு எதிரே அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய தொழில்நுட்பம் நின்றது. கஸ்டரின் கார்பைன்களின் உறைகள் சில எதிர்த்தரப்பு நின்ற இடங்களிலும் கிடைத்தன. துப்பாக்கிகள் போர் நடுவிலேயே கை மாறியிருக்கின்றன. கத்தியால் நோண்டிய கீறல் உள்ள உறைகளைத் தேடியபோது அவை நூற்றுக்கு மூன்றை ஒட்டித்தான் இருந்தன. சிக்கல் உண்மை, போரைத் தோற்கடித்தது அதுவல்ல. பொதுவில் பார்த்தால், கதை என்று ஒதுக்கப்பட்ட பூர்வகுடிகளின் வாய்மொழிகளோடு உறைகள் வரைந்த படம் நன்றாகவே ஒத்துப்போனது. அவர்களை முன்பே கேட்டிருக்கலாம்.

தேதி சொல்லவும் உறைக்குத் தெரியும். பிலடெல்ஃபியாவின் ஃபிராங்ஃபர்ட் ஆயுதச் சாலை 1877இல்தான் உறையின் அடியில் எழுத்துகளைப் பொறிக்கத் தொடங்கியது: ரைஃபிளா கார்பைனா என்பதற்கு ஓர் எழுத்து, சாலைக்கு ஓர் எழுத்து, மாதம், ஆண்டு. ஆகவே எழுத்து பொறித்த ஃபிராங்ஃபர்ட் உறையைக் காட்டி ‘கஸ்டர் களத்தில் எடுத்தது’ என்று யாராவது விற்றால், களத்தில் எடுத்தது உண்மையாகவே இருக்கலாம். போரில் சுட்டது அல்ல.

மண்ணிலிருந்து சுவருக்குப் போகும் பாதை இதன்பின் திறந்தது. தங்கள் கையிலிருந்த துப்பாக்கி அந்தக் களத்தில் இருந்தது என்று குடும்பக் கதை சொன்ன உரிமையாளர்கள் சிலர், அதைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் தீப்பற்றும் மருந்து மட்டும் உள்ள உறையைச் சுட்டு, பதிந்த குழியைக் களத்து உறைகளோடு ஒப்பிட்டார்கள். ஷார்ப்ஸ் ரைஃபிள் ஒன்றும் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்கள் சிலவும் பொருந்தின. வரிசை எண்ணும் வம்சக் கதையும் தரமுடியாத உறுதியை ஒரு ஊசிமுனைக் கீறல் தந்தது. ஆனால் அது எவ்வளவு சொல்கிறது என்பதிலும் கறாராக இருக்கவேண்டும். அந்தத் துப்பாக்கி அன்று அங்கே சுடப்பட்டது. அவ்வளவுதான். காலையில் ஒரு சிப்பாய் கையில் இருந்ததா, மாலையில் ஒரு செயேன் வீரர் கையில் இருந்ததா என்பதைச் செம்பு சொல்லாது.

காகிதம் சொல்லுமா? வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் தளவாடத் துறையின் பழைய கோப்புகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஃபிராங்க் மல்லோரி என்ற ஆய்வாளர் அவற்றில் பல ஆண்டுகள் மூழ்கி, எங்கெல்லாம் ஒரு துப்பாக்கியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதோ அதையெல்லாம் பொறுக்கி நூல்களாகத் தொகுத்தார். துப்பாக்கியைத் திருடிக்கொண்டு ஓடிய சிப்பாயின் விசாரணை, பழுதுபார்க்க அனுப்பிய பட்டியல், காணாமல்போனதற்கான விளக்கக் கடிதம் என்று எண்கள் எதேச்சையாகச் சிக்குகின்றன. எதுவும் கெட்டுப்போகாமல், யாரும் ஓடிப்போகாமல் ஒழுங்காக வேலை செய்த துப்பாக்கியைப் பற்றி எழுத எந்த எழுத்தருக்கும் காரணம் இருந்திருக்காது. 7ஆம் குதிரைப்படை 1876இல் வைத்திருந்த எல்லாக் கார்பைன்களின் எண்களையும் தரும் பட்டியல் கிடையாது. ‘அந்தப் பட்டியலில் என் துப்பாக்கி இருக்கிறது’ என்று விற்பவர் சொன்னால், பட்டியலைக் காட்டச் சொல்லிக் காத்திருக்கலாம்.

எண்ணையே அழித்து மாற்றியிருந்தால்? அதற்கும் உலோகவியல் வழி சொல்கிறது. எண்ணை அச்சால் அடித்துப் பொறிக்கும்போது, மேலே தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் இரும்பின் படிகங்கள் நசுங்கி இறுகுகின்றன. மேற்பரப்பை அரத்தால் தேய்த்து மழுங்கடித்தாலும் அந்த இறுக்கம் அடியில் தங்கிவிடும். தகுந்த அமிலக் கலவை பட்டால் இறுகிய பகுதி மற்ற பகுதியைவிட வேறு வேகத்தில் அரிபடுவதால் பழைய எண் நிழலாக மேலே வரும். திருட்டு வாகன வழக்குகளில் எஞ்சின் எண்ணை மீட்பதும் இப்படித்தான். ஆனால் இந்தச் சோதனை மேற்பரப்பைக் கெடுக்கும் என்பதால், பழம்பொருளில் கைவைக்க அருங்காட்சியகங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் உரிமையாளர்களோ யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. கருநீலப் பூச்சின் எச்சமும், குழல்முனையைத் தோல் உறை உரசிய தேய்மானமும், பின்வாயில் கருமருந்துப் புகை அரித்த குழிகளும் அந்தத் தாளோடு போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் 150 ஆண்டு வரலாறு குப்பைக்குப் போவதற்கு இது நல்ல வழி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 முடியச் செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று வகுத்து, நடுவணரசின் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியது. அங்கே இந்தச் சந்தை இவ்வளவு பெரிதாக இருக்க அதுவும் ஒரு காரணம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வயதை மட்டும் வைத்து விலக்கு அளிப்பதில்லை. பழமை மதிப்புள்ள ஆயுதமானாலும், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

உறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு நல்ல சோதனை இருந்தும் ‘கஸ்டர் கார்பைன்’ என்று சொல்லிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்துப் பக்கமே போவதில்லை. காரணம் எளிது. 43,700க்குக் கீழே எண் உள்ள கார்பைன் ‘இருந்திருக்கலாம்’ என்ற விலையை ஏற்கெனவே பெற்றுவிடுகிறது. சோதனையில் பொருந்தினால் லாபம். பொருந்தாவிட்டால் அந்தச் செய்தி துப்பாக்கியோடு காலமெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். அந்த அச்சத்திலும் ஒரு பிழை இருக்கிறது. களத்தில் அந்தத் துப்பாக்கியின் உறை எதுவும் கிடைக்காமல் போயிருக்கலாம். அல்லது போருக்குப்பின் ஆயுதச் சாலை அதன் ஃபயரிங் பின்னையே மாற்றியிருக்கலாம். புதிய பின்னுக்குப் பழைய உறையோடு எந்த உறவும் இருக்காது. பொருந்தினால் அது சான்று. பொருந்தாவிட்டால் கேள்வி முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். ஏல வணிகர்களில் பலருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். தங்கள் அறிவிப்புகளில் அதை விளக்குவதற்குத்தான் இடம் போதாமல் போய்விடுகிறது.